கொச்சி யூதர்களை நிறம் சொல்லி எழுதலாமா?

செங்கழுநீர்:
மட்டாஞ்சேரியைப் பற்றி அண்மையில் படித்த ஒரு தமிழ்க் கட்டுரை, அங்கு வாழ்ந்தவர்களைக் ‘கருப்பு யூதர்’, ‘வெள்ளை யூதர்’ என்று பிரிப்பதோடு, தனி ஒருவரைச் சொல்லும்போது ‘யூதன்’ என்றே எழுதுகிறது. அதே கட்டுரையில் கோயில் குருக்களும் மிளகு வணிகரும் ‘அவர்’. யூதர் மட்டும் ‘அவன்’. முன்பே குடியேறி வாழ்ந்தவர்களுக்கு மலபாரி யூதர், பின்னாளில் வந்தவர்களுக்குப் பரதேசி யூதர் என்ற பெயர்கள் இருக்கையில் நிறத்தைப் பட்டமாகச் சூட்டுவது எனக்கு ஏற்புடையதன்று.

பழஞ்சுவடி:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், உடன்பட முடியவில்லை. ஐரோப்பியர் எழுதிவைத்த பழைய குறிப்புகளில் இருப்பவை நிறப்பெயர்களே. அவற்றை நீக்கினால், ஒரே சமூகத்துக்குள் நடந்த ஒதுக்கலும் சேர்ந்து மறைந்துவிடும். மேலும், ‘பரதேசி’ என்பது இன்றைய தமிழில் வசைச்சொல். மரியாதையைத் தேடிப் போய் வசையில் முடியலாமா?

செங்கழுநீர்:
‘பரதேசி’ பற்றிய தடை நியாயமானது. ஆனால் 1568இல் கட்டப்பட்ட அவர்களுடைய தொழுகைக்கூடத்தின் பெயரே அதுதான். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பின்னாளில் வந்தவர்களைப் பிற தேசத்தார் என்ற பொருளில் அப்படி அழைத்தார்கள். இதை ஒருமுறை விளக்கிவிட்டால் தமிழ் வாசகர் தவறாகக் கொள்ளமாட்டார்.

ஒதுக்கலை மறைக்கச் சொல்லவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த ஆபிரகாம் பராக் சேலம் என்ற வழக்கறிஞர், அந்தக் கூடத்திலேயே தம் மக்களுக்குச் சம இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்துக் காந்திய வழியில் போராடினார். அதை விரிவாகவே எழுதுங்கள். நிறப்பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து, யார் யாரை அப்படி அழைத்தார்கள் என்று சொல்லுங்கள். கட்டுரையாளரின் சொந்தக் குரலில் அது வேண்டாம்.

கரைவழி:
‘யூதன்’ என்பதில் என்ன இழிவு? தமிழன், இந்தியன் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பழைய தமிழ் விவிலியத்தில், ரோமர் நிருபத்தில், ‘யூதன்’ என்றுதான் இருக்கிறது. அங்கு அது வசையன்று.

செங்கழுநீர்:
அம்மா, விகுதி தனியே குற்றம் செய்வதில்லை. ‘தமிழன்’ என்பது நம்மை நாமே சொல்லிக்கொள்வது. அதையே வேறொருவர், சுற்றியிருப்பவர்களையெல்லாம் ‘அவர்’ என்று சொல்லிவிட்டு, நம்மை மட்டும் குறித்துச் சொன்னால் நமக்குச் சுருக்கென்று தைக்கும். யூதர் ஒருவர், யூத வணிகர், யூதப் பெண்மணி என்று எழுதத் தமிழில் எந்தத் தடையும் இல்லை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் வழங்கிய செப்பேடு, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானைப் பெயர் சொல்லியே குறித்து, அவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளிக்கிறது. அதில் அவருடைய நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பழஞ்சுவடி:
செப்பேட்டை முன்வைத்துச் சொல்வதை ஏற்கிறேன். கட்டுரையின் ஓட்டத்தில் மலபாரி, பரதேசி என்றே இருக்கட்டும். ஆயினும் பழைய குறிப்புகளைத் தேடிப் படிப்பவருக்காக, முதல் இடத்தில் அடிக்குறிப்பாக நிறப்பெயர்களும் இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.