கயாக்கில் பேட்டரி விளக்கு மாட்டுவது: எங்கே தொடங்குவது?

ஈரத்துடுப்பு:
வணக்கம். என்னிடம் இருப்பது மூன்றரை மீட்டர் நீளமுள்ள, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை பிளாஸ்டிக் கயாக். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரில் இறங்கிவிடுவேன், சில நாள் நன்றாக இருட்டிய பிறகுதான் கரை சேருகிறேன். இதுவரை தலையில் மாட்டும் டார்ச் ஒன்றுதான் துணை. போன வாரம் ஒரு மோட்டார் படகு என்னைக் கவனிக்காமல் பக்கத்திலேயே சீறிக்கொண்டு போனது, அந்த அலையில் கவிழாமல் தப்பியதே பெரிது.

பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து இரண்டு பக்கமும் எல்இடி ஸ்ட்ரிப் (மொத்தம் 6 மீட்டர், ஏற்கெனவே வாங்கிவிட்டேன்), முன்னால் சிவப்பு பச்சை, பின்னால் வெள்ளை, ஒரு ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் கருவி), போனுக்கு ஒரு யுஎஸ்பி, இவ்வளவும் ஓட்டலாமா? வீட்டில் பல்பு ஹோல்டர் மாற்றியதோடு என் மின்சார அறிவு முடிகிறது. கயாக்கில் ஓட்டை போடவும் கை வரவில்லை.

நங்கூரம்:
முதலில் அந்த ஸ்ட்ரிப் சுருளில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், பாருங்கள். சிறிய எல்இடி உள்ள வகை மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும், பெரிய எல்இடி வகை 14.4 வாட். பெரியது என்றால் 6 மீட்டருக்கு 86 வாட், அதாவது 7 ஆம்பியருக்கு மேல். கணக்குப்படி ஒரு மணி நேரம் எரிய வேண்டும் என்று தோன்றும், எரியாது. ஈய பேட்டரியில் போட்டிருக்கும் அந்த 7 என்பது 20 மணி நேரத்துக்கு மெதுவாக, 0.35 ஆம்பியர் அளவில் இழுத்தால் கிடைப்பது. வேகமாக இழுக்க இழுக்கக் கொள்ளளவே சுருங்கிவிடும். போதாததற்குப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுளும் குறையும். யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பேட்டரி என்றால் அது ஏற்கெனவே கிழம்தானே.

புதிதாக வாங்குவதாக இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். அதே கொள்ளளவுக்கு எடை பாதிகூட இருக்காது, கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். ஒரே தொல்லை, கடைசி வரை வோல்ட் இறங்காமலே நின்று திடீரென்று அணைந்துவிடும், வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்க முடியாது. சார்ஜரும் அதற்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும்.

ஃபியூஸ் விஷயம் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டவன். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நான் முதல் தடவை ஸ்விட்ச் பக்கத்தில் வைத்தேன், பேட்டரியிலிருந்து அதுவரை ஒன்றரை மீட்டர் வயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடந்தது, மூடியின் விளிம்பில் உரசி உறை கிழிந்து, ஷார்ட் ஆகி வயர் உருகிப் புகை வந்த பிறகுதான் புத்தி வந்தது. அந்தப் பேட்டரி சின்னதுதான், ஆனாலும் ஷார்ட்டில் அது கொட்டும் மின்னோட்டம் வயரைத் தீய்க்கத் தாராளமாகப் போதும். ஃபியூஸின் அளவை வயர் தாங்கும் அளவைப் பார்த்துப் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கருவிக்கும் அது இழுப்பதற்கு ஏற்ற சிறிய ஃபியூஸ் தனியாக.

தனிக்கட்டை:
எனக்கு இதில் வேறு கருத்து. உங்களுக்குப் பிரச்சினை மற்ற படகுகள் உங்களைப் பார்க்காதது. அதற்குப் பக்கவாட்டில் 6 மீட்டர் ஸ்ட்ரிப் எதற்கு? தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும் வெளிச்சம் சின்ன அலை எழுந்தாலே மறைந்துவிடும். உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு கம்பம், உங்கள் தலையை விட உயரமாக, உச்சியில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு, அதற்குள்ளேயே பேட்டரி. வயரே வேண்டாம். உங்கள் கண்ணில் அடிக்காதபடி விளக்குக்குக் கீழே ஒரு சின்ன தட்டு வையுங்கள்.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டால் போயிற்று. முடிச்சு போடவோ வரைபடம் பார்க்கவோ மங்கலான சிவப்பு விளக்கு போதும். நானும் ஒரு காலத்தில் ஸ்ட்ரிப் மாட்டிப் பார்த்தேன். கயாக் அழகாகத்தான் இருந்தது, எனக்குத்தான் முன்னால் எதுவும் தெரியவில்லை.

திசைகாட்டி:
நிறத்தில் விளையாட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில், துடுப்பால் ஓட்டும் படகு பாய்மரப் படகுக்கான விளக்குகளைக் காட்டலாம் என்றிருக்கிறது. அதாவது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகை வரை, பின்னால் வெள்ளை 135 பாகை. கூட்டினால் சரியாக 360. அவை இல்லையென்றால் வெள்ளை டார்ச்சைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும்படி நேரத்தோடு காட்ட வேண்டும். உள்நாட்டு ஏரி, ஆறுகளுக்கு அந்தந்த இடத்து விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே பக்கவாட்டில் பச்சை ஸ்ட்ரிப் ஒட்டினால், எதிரே வருகிறவர் நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்று தப்பாகப் படிப்பார். கண் கூசும்படி மின்னி மின்னி எரியும் விளக்கையும் அந்த விதிகள் தவிர்க்கச் சொல்கின்றன. நாளைக்கு ஒரு எலக்ட்ரிக் மோட்டார் மாட்டினால் கதையே வேறு, அப்போது உங்களுடையது இயந்திரப் படகு. 7 மீட்டருக்குக் குறைவான, 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகாத படகு என்றால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு கட்டாயம், முடிந்தால் சிவப்பு பச்சையும்.

ஈரத்துடுப்பு:
நன்றி. சுருளைப் பார்த்தேன், 14.4 வாட் வகைதான். பிரித்த பெட்டியைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன். அப்படியானால் கம்பத்து விளக்கு தனி, பேட்டரி வெறும் ஃபிஷ் ஃபைண்டருக்கும் யுஎஸ்பிக்கும். நான் போவது உப்புத் தண்ணீர். ஓட்டை போட்டால் சிலிக்கான் வைத்து அடைத்தால் போதுமா?

நங்கூரம்:
போதாது. உங்கள் கயாக் பாலிஎத்திலீனாக இருந்தால் சிலிக்கான் அதில் பிடிக்கவே பிடிக்காது, காய்ந்ததும் நகத்தால் உரித்துவிடலாம். வயர் நுழையும் ஓட்டையை ரப்பர் வாஷர் வைத்து நட்டால் இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட்தான் வழி, அதுவும் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே. ஆனால் இந்த இரண்டு கருவிக்கு ஓட்டையே தேவையில்லை. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பேட்டரியும் ஃபியூஸும் வைத்து, ஓட்டையைப் பெட்டியில் போடுங்கள். கை தவறினால் பெட்டி போகட்டும், கயாக் தப்பும். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

உப்புக்கு வெறும் செம்பு ஆகாது, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை வீட்டோடு விட்டுவிடுங்கள். கிரிம்ப் செய்து (உலோக இணைப்பானுக்குள் வயரை வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சூடாக்கினால் ஓரத்தில் பசை பிதுங்கி வரும், அதுதான் அடைப்பு. தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி 67 என்ற முத்திரையை ரொம்ப நம்பவும் வேண்டாம், அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நல்ல தண்ணீருக்கான சோதனை. ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் பிளக்குகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். சார்ஜ் போடும்போது பேட்டரியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், ஈய பேட்டரி ஹைட்ரஜன் விடும்.

பெட்டியைப் பட்டையால் கயாக்கோடு கட்ட மறக்காதீர்கள். கவிழ்ந்தால் முதலில் நழுவுவது அதுதான்.

தனிக்கட்டை:
கம்பத்தை மாட்டியதும் நேராகத் தண்ணீருக்குப் போகாதீர்கள். கரையிலேயே கயாக்கில் உட்கார்ந்து துடுப்பை முழுதாக வீசிப் பாருங்கள், தூண்டிலையும் பின்னால் ஓங்கிப் பாருங்கள். என்னுடைய முதல் கம்பம் தூண்டில் நரம்பு சுற்றித்தான் ஒடிந்தது.