சீசர் 2: கைடு போட்ட இடத்திலேயே பைப் பக்கவாட்டில் ஓடுகிறது, ஏன்?

வணக்கம். சீசர் 2-வில் (பைப் ஸ்ட்ரெஸ் கணக்கிடும் மென்பொருள்) ஒரு மாடல்: 10 இன்ச் கார்பன் ஸ்டீல் லைன், 200 டிகிரி. வெசல் நாசிலிலிருந்து (கலனில் பைப் சேரும் வாய்) கிளம்பி, பிளானில் எக்ஸ் அச்சுக்கு 30 டிகிரி கோணத்தில் 12 மீட்டர் நேராகப் போகிறது (எக்ஸ் திசை நீளம் டிஎக்ஸ் 10392, இசட் திசையில் டிஇசட் 6000 மி.மீ.). அந்த முனையில் ஒரு ஷூ (பைப்பைத் தாங்கும் அடிப்பாகம்), கைடு (பக்கவாட்டு நகர்வைத் தடுப்பது). அதற்கப்புறம் லூப் (விரிவை வாங்கிக்கொள்ளும் வளைவு). பைப் கோணலாகப் போவதால் கைடை எக்ஸ் டைப்பில், தடுக்கும் திசைக்குக் கொசைன் (எக்ஸ், ஒய், இசட் அச்சுகளில் அந்தத் திசையின் பங்கு) கொடுத்துப் போட்டேன்: எக்ஸ் (0.5, 0, 0.866). ரன் பண்ணினால் கைடு நோடில் (மாடலில் அந்தப் புள்ளி) நகர்வு டிஎக்ஸ் +45, டிஇசட் −26 மி.மீ. வருகிறது. நாசில் மொமென்ட் (திருப்புவிசை) அலவபிளை, அதாவது அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. உராய்வை நீக்கிக்கூடப் பார்த்தேன், அதே கதை. நாளை ரிவ்யூ. உதவுங்கள்.

பதில் 1
கொசைனில் மைனஸ் விட்டுப்போயிருக்கும். எக்ஸுக்கு முன்னால் மைனஸ் போட்டுப் பாருங்கள்.

பதில் 2
தம்பி, அதைச் செய்யாதீர்கள். டைப்புக்கு முன்னால் மைனஸ் போட்டால் அது ஒருபக்க ரெஸ்ட்ரெயின்ட் (தடுப்பு) ஆகிவிடும், ஒரு திசையில் பைப் தாராளமாக விலகும். மைனஸ் வேண்டியது வெக்டருக்கு உள்ளே.

பைப் போகும் திசை (0.866, 0, 0.5). நீங்கள் கொடுத்ததோடு டாட் ப்ராடக்ட் போடுங்கள்: 0.433 + 0.433 = 0.866. செங்குத்தாக இருந்தால் பூஜ்யம் வரவேண்டும். அதாவது உங்கள் 'கைடு' பைப்பின் அச்சிலிருந்து வெறும் 30 டிகிரி தள்ளி நிற்கிறது. 12 மீட்டருக்குச் சுமார் 26 மி.மீ. விரிய வேண்டிய பைப்பை முன்னால் போக விடாமல் தடுக்கிறது. பைப் சும்மா இருக்குமா? 45 மி.மீ. பக்கவாட்டில் வழுக்கித் தப்பிக்கிறது. ப்ளஸ் இசட்டில் போகும் லைன் மைனஸ் இசட்டில் நகர்ந்ததைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சரியானது எக்ஸ் (−0.5, 0, 0.866). நான் கொசைனே கணக்குப் போடுவதில்லை. டிஎக்ஸையும் டிஇசட்டையும் இடம் மாற்றி, ஒன்றுக்கு மைனஸ் போட்டு (−6000, 0, 10392) என்றே கொடுத்துவிடுவேன். திசைதானே வேண்டும்.

உண்மையில் உங்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. டைப்பில் 'கைடு' என்று போட்டால் பைப்பின் திசையை அதுவே எடுத்துக்கொள்ளும். சாய்ந்த ஸ்ட்ரட் (தாங்கு தடி) மாதிரி, பைப்போடு சம்பந்தமில்லாத திசை வரும்போதுதான் கொசைன். ஷூவுக்கான ப்ளஸ் ஒய்யை (பைப் கீழே இறங்காமல் தாங்கும் ஒருபக்கத் தடுப்பு) தனி வரியில் போட்டு, உராய்வை அங்கேயே கொடுங்கள்.

கேட்டவர்
சார், 'கைடு' என்று மாற்றினேன். டிஎக்ஸ் 22.5, டிஇசட் 13. நாசிலும் பாஸ். ஆனால் ரிப்போர்ட்டில் எஃப்எக்ஸ், எஃப்இசட் (எக்ஸ், இசட் திசை விசைகள்) இரண்டும் வருகிறதே, சப்போர்ட்டை வடிவமைக்கும் சிவில் குழுவுக்கு எதைக் கொடுப்பது?

பதில் 2
கைடு வரியில் மட்டும் பாருங்கள், ஒய் வரியோடு கூட்டிவிடாதீர்கள். எஃப்எக்ஸ், எஃப்இசட் இரண்டின் ரிசல்டன்ட்தான் (இரண்டும் சேர்ந்த விளைவு விசை) கைடு லோடு, எஃப்இசட்டை 0.866-ஆல் வகுத்தாலும் அதே எண் வரும். திசையை ஸ்கெட்சில் அம்புக்குறியாகப் போட்டுக் கொடுங்கள். வெறும் எண்ணைக் கொடுத்தால் பீமுக்கு நேராக வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.