சொல்தேடல் கட்டத்தில் கொம்பு தனியாகப் போகிறதே?

அம்பை அம்மா: ஜூனில் பள்ளி திறக்கிறது. மூன்றாம் வகுப்பு போகும் மகனுக்கு ஓர் இணையதளத்தில் சொல்தேடல் (எழுத்துக் கட்டங்களில் ஒளிந்திருக்கும் சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) தாள் தயாரித்தேன். ‘பாளையங்கோட்டை’ போட்டால் துணைக்கால், கொம்பு எல்லாம் தனிக் கட்டத்தில் விழுகின்றன. ஜெராக்ஸ் 20 தாள் வீண்!

பேட்டை வாத்தியார்: அக்கா, 7 எழுத்துதான். ஆனால் அந்தத் தளம் யூனிகோட் குறிகளை (கால், கொம்பு, புள்ளியைத் தனித்தனியாக வைக்கும் கணினிக் குறிகள்) எண்ணுகிறது, 13 வரும். எக்செலில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கையால் அடியுங்கள்.

அம்பை அம்மா: சரி அண்ணாச்சி, வந்துவிட்டது. ‘தாமிரபரணி’ குறுக்கே, ‘அல்வா’ மேலிருந்து கீழே. காலிக் கட்டங்களில் எதை நிரப்ப?

களக்காட்டு ஆச்சி: ஙௌ, ஞௌ என்று போடாதே தாயி, பையன் நொடியில் ஒதுக்கிவிடுவான். ர, ற, ண, ன கலந்து போடு. என் பேத்தி ‘தாமிறபரணி’யைத் தேடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.