பெருந்துறை யூனிட்டில் மட்டும் பெரிய ரிப்போர்ட் திறப்பதில்லை, சாஸிக்கு மாறியதிலிருந்து. உதவுங்கள்

பின்னலாடை_ஐடி:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறேன். ஹெட் ஆபீஸ் அவிநாசி ரோட்டில், டையிங் யூனிட் பெருந்துறை சிப்காட்டில். இஆர்பி (ஆர்டர், கணக்கு, ரெசிபி எல்லாம் இருக்கும் கம்பெனி சாஃப்ட்வேர்) சர்வர் ஹெட் ஆபீஸில் இருக்கிறது. போன மாதம் வரை இரண்டு இடத்திலும் ஃபயர்வால் வைத்து, நடுவில் விபிஎன் போட்டிருந்தோம். இப்போது சாஸிக்கு (SASE: நெட்வொர்க் இணைப்பையும் பாதுகாப்பையும் கிளவுடில் ஒரே இடத்தில் தரும் சேவை) மாறிவிட்டோம். இரண்டு யூனிட்டின் பெட்டியும் கிளவுடுக்கு ஐபிசெக் டனல் (என்க்ரிப்ட் செய்து அனுப்பும் பாதை) போடுகின்றன. யார் எதைத் திறக்கலாம் என்ற பாலிசி எல்லாம் கிளவுடில். அதே வாரம் பெருந்துறையில் லீஸ்டு லைனைச் சரண்டர் செய்து பிராட்பேண்ட் போட்டோம்.

லாகின் பக்கம் வருகிறது. பேட்ச் நம்பர் அடித்தால் வருகிறது. சாய ரெசிபி ரிப்போர்ட்டைத் திறந்தால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிங் விடாமல் போகிறது. பாலிசி லாகில் எல்லாமே "அனுமதி". இஆர்பிக்கு மட்டும் எஸ்எஸ்எல் பரிசோதனையை (என்க்ரிப்ட் ஆன டேட்டாவைக் கிளவுடில் பிரித்துப் பார்ப்பது) நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் அதே கதை.

நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் ரெசிபியை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கிக் கையால் எழுதுகிறார். நேற்று ஒரு நேவி பேட்ச்சுக்கு 3.1 சதவீதம் என்பதை 3.7 என்று எழுதிவிட்டார். சாயம் கரைப்பதற்கு முன் லேப்காரர் பார்த்துவிட்டதால் துணி பிழைத்தது. முதலாளி, "பழையபடி சர்வருக்கு 3389 போர்ட்டைத் திறந்து விடப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். 3389 என்பது வெளியிலிருந்து சர்வர் திரையையே எடுக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வாசல். எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

சிங்காநல்லூர்_ரூட்டர்:
தம்பி, போர்ட்டைத் திறக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: பிராட்பேண்ட் பிபிபிஓஇயா (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் வகை)? சின்னப் பக்கம் வருகிறது, பெரியது நிற்கிறது என்றாலே எனக்கு எம்டியூ (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) மேல்தான் சந்தேகம். நீங்கள் போட்டுப் பார்த்த பிங் வெறும் 32 பைட், அது எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். "துண்டாக்காதே" குறியோடு பெருந்துறையிலிருந்து சர்வருக்கு 1410 பைட்டில் ஒரு பிங், 1400 பைட்டில் ஒரு பிங் அடித்துப் பாருங்கள். டனல் இன்டர்ஃபேஸில் எம்டியூ எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
3389 பற்றி நானும் சொல்லியாக வேண்டும். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவு எப்போதோ முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கே அந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது. அவ்வளவு ஆபத்தான வாசல் அது. 2017இல் வான்னாக்ரை ரான்சம்வேர் வந்தபோதும், ஒரே நெட்வொர்க்கில் எல்லா மெஷினும் ஒன்றை ஒன்று பார்க்கும்படி வைத்திருந்த இடங்களில்தான் அது வேகமாகப் பரவியது. ஒரு ராத்திரிக்கு என்று திறக்கிற போர்ட்டை மறுநாள் மூட யாருக்கும் ஞாபகம் வராது. முதலாளியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: கோளாறு பாதையில் இருந்தால், பாதுகாப்பை எடுத்துவிடுவதால் அது சரியாகாது.

கரூர்_ஆடிட்:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் கம்பெனியிலும் சாஸி பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு யூனிட்டுக்குப் பழைய விபிஎன் போதாதா? பெயரை மாற்றி விற்கிறார்களா?

நொய்யல்கரை:
வித்தியாசம் உண்டுங்க. விபிஎன்னில் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் பெரும்பாலும் முழு நெட்வொர்க்கும் அவர் கையில். ஜீரோ டிரஸ்ட் என்று 2010இல் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் சொன்னதே அதற்கு எதிராகத்தான். உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே. ஆள் யார், கருவி எது, எந்த ஆப் என்று ஒவ்வொரு தடவையும் பார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020இல் 800-207 என்று இதற்குத் தனி ஆவணமே வெளியிட்டது. சாஸி என்ற பெயர் 2019இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் வைத்தது: லைன், ரூட்டிங், ஃபயர்வால், வெப் ஃபில்டர், ஆப் அனுமதி எல்லாம் கிளவுடில் ஒரே இடத்தில். அதனாலேயே ஏதாவது நின்றால் பாதையா, பாலிசியா, பரிசோதனையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இழை தொடங்கியவர் பாலிசியையும் பரிசோதனையையும் பார்த்துவிட்டார். பாதைதான் பாக்கி.

பின்னலாடை_ஐடி:
அண்ணா, பிபிபிஓஇதான். 1400 போகிறது. 1410 போகவே இல்லை, பதிலும் இல்லை. ஹெட் ஆபீஸிலிருந்து கிளவுடுக்கு 1410 போகிறது. இரண்டு பெட்டியிலும் டனல் எம்டியூ 1438, எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் வைக்கும் டேட்டா அளவு) 1398 என்று இருக்கிறது.

சிங்காநல்லூர்_ரூட்டர்:
பிடித்துவிட்டோம். கணக்கைப் பாருங்கள். 1410உடன் ஐபி, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்தியும் போகும் முறை) தலைப்பு 28 பைட் சேர்த்தால் 1438. அதன் மேல் ஐபிசெக் உறை ஏறினால் சரியாக 1500. ஹெட் ஆபீஸ் லைனில் 1500 போகும். பிபிபிஓஇ 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் பெருந்துறையில் 1492தான் இடம். 1400 பைட் பிங் உறையோடு 1492க்குள் அடங்குகிறது, அதனால் போகிறது.

டெம்ப்ளேட்டில் 1500 லைனுக்கென்று போட்ட அளவு அப்படியே இரண்டு யூனிட்டுக்கும் இறங்கியிருக்கிறது. "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்ற ஐசிஎம்பி செய்தி வந்தால் அனுப்பும் பக்கம் தானே குறைத்துக்கொள்ளும். வழியில் அதை யாரோ தடுக்கிறார்கள். உங்கள் பெட்டியில் ஐசிஎம்பியை மொத்தமாக மூடியிருந்தால் அந்த ரூலையும் பாருங்கள். பலர் பாதுகாப்பு என்று நினைத்து இதைச் செய்கிறார்கள், கடைசியில் கெடுதல்தான்.

பெருந்துறை டனலில் எம்டியூ 1400, எம்எஸ்எஸ் 1360 வையுங்கள். கனெக்ஷனைத் தொடங்கும் எஸ்ஒய்என் பாக்கெட்டில் இரண்டு பக்கமும் பெட்டி எம்எஸ்எஸ்ஸைத் திருத்துவதால் சர்வரும் சின்னப் பாக்கெட்டாகவே அனுப்பும். மாற்றிய பிறகு பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள், பழைய கனெக்ஷனுக்கு இது ஒட்டாது.

பின்னலாடை_ஐடி:
வந்துவிட்டது அண்ணா! ரெசிபி ரிப்போர்ட் 14 பக்கமும் ஒரே மூச்சில். ஐசிஎம்பி ரூலும் மூடித்தான் இருந்தது, போன வருடம் நானே போட்டது. தேவையான வகையை மட்டும் திறந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. சாயம் அளந்து ஊற்றும் டிஸ்பென்சரில் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். சாஸியின் ஏஜெண்ட் சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை. மெஷின்காரர் வெளியூரிலிருந்து ரிமோட்டில் வருவார். முன்பு அவருக்கு விபிஎன் யூசர் கொடுத்திருந்தோம்.

நொய்யல்கரை:
விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது. மெஷினை மாற்றச் சொல்ல முடியாது, அதன் விலை எனக்கும் தெரியும். அதைத் தனி விலானில் (அதே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வையுங்கள். இஆர்பி சர்வரின் ஒரே ஒரு போர்ட்டைத் தவிர வேறு எதையும் அது பார்க்கக் கூடாது. மெஷின்காரருக்கு விபிஎன் யூசரை எடுத்துவிட்டு, பிரவுசர் வழியாக அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி. ஓடிபி கட்டாயம். அவர் போன் செய்யும்போது நீங்கள் இரண்டு மணி நேரத்துக்குத் திறந்துவிடுங்கள், தானே மூடிக்கொள்ளும்படி. லாகை 180 நாள் வையுங்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட 2022 ஏப்ரல் உத்தரவு அதைத்தான் கேட்கிறது.

கரூர்_ஆடிட்:
பேங்க் சைட்டுக்கு ஃபிக்ஸட் ஐபி பதிவு செய்திருந்தால் அதையும் பாருங்கள். சாஸிக்குப் போனால் வெளியே தெரியும் ஐபி மாறும். தனி ஐபி கேட்டு வாங்கலாம் என்று எங்கள் வெண்டர் சொன்னார்.

பின்னலாடை_ஐடி:
நல்லவேளை சொன்னீர்கள், சம்பள ஃபைல் அந்த வழியாகத்தான் போகும். நாளைக்கே கேட்கிறேன்.

டிஸ்பென்சரை ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது தனி விலானுக்கு மாற்றப் போகிறேன். முதலாளியிடம் 1410, 1400 இரண்டு பிங்கையும் பக்கத்தில் நின்று காட்டினேன். 3389 பேச்சை விட்டுவிட்டார். சூப்பர்வைசர் இன்று ராத்திரி ரெசிபியை பிரிண்டரிலேயே எடுத்துக்கொண்டார்.