கண்ணாடிக்கூடத்தில் நான்கு பச்சோந்திகள்: ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள், உதவி வேண்டும்

மழைக்கூடம் (கேள்வி)

வணக்கம். சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 4 மீட்டருக்கு 3 மீட்டரில் ஒரு கண்ணாடிக்கூடம் இருக்கிறது. சூரிச் மிருகக்காட்சிச்சாலையில் மழைக்காடு போல அமைத்திருக்கும் மசோவாலா மண்டபத்தில் சிறுத்தைப் பச்சோந்திகள் கூண்டில்லாமல் மரங்களில் திரிவதைப் பிள்ளைகளோடு பலமுறை பார்த்தேன். அந்த ஆசைதான் இதன் தொடக்கம். அனுமதி எடுத்து ஒரு ஆணும் மூன்று பெண்களும் வாங்கினேன். முதலில் தனித்தனி வலைக்கூண்டில் இருந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் நால்வரையும் கூடத்தில் விட்டேன். உள்ளே ஃபைக்கஸ், செம்பருத்தி, மணி பிளான்ட் எல்லாம் அடர்த்தியாக வளர்ந்திருக்கின்றன.

சண்டை, கடி எதுவும் இல்லை. ஆனால் மூன்று பெண்களில் நடுவிலாள் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. கீழே பூச்சாடி விளிம்பில் இருக்கிறாள். நிறம் கரும்பழுப்பாகி, இடையிடையே செம்மஞ்சள் புள்ளிகள் வந்திருக்கின்றன. நேற்று நடுப்பகலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு இருந்தாள். மற்ற மூவரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். புற ஊதா விளக்கு வைக்கவில்லை, நாள் முழுக்க வெயில் வருகிறதே என்று விட்டுவிட்டேன். என்ன செய்யலாம்?

செம்பருத்தி

தம்பி, பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் அது தூக்கம் இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் இன்றைக்கே நேரம் எடுங்கள். அதற்கிடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: அவளுடைய எடை என்ன, எச்சத்தின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கிறதா மஞ்சளா, மண்ணைக் கிளறுகிறாளா?

இன்னொன்று. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராது. மசோவாலா மண்டபத்தின் கூரை கண்ணாடி இல்லை, ஈடிஎஃப்ஈ என்ற மெல்லிய படலம். அது புற ஊதாவை உள்ளே விடுகிறது. நீங்கள் பார்த்த பச்சோந்திகளுக்கு உண்மையான வெயில் கிடைக்கிறது, உங்கள் வீட்டில் இருப்பவைக்குக் கிடைப்பது வெளிச்சம் மட்டும்தான்.

வேலியோரம்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஜெர்மனியில் பதினைந்து வருடமாக இந்த இனத்தை வளர்க்கிறேன். "சண்டை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான்.

பச்சோந்தி தனியாக வாழும் பிராணி. கடித்துத்தான் விரட்ட வேண்டும் என்றில்லை, ஒன்றை ஒன்று பார்ப்பதே போதும். வலுவானது சூடு படும் மேல்கிளையில் உட்கார்ந்து உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டைக் காட்டும். மற்றது இலைக்குப் பின்னால் போய்விடும். அடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாளில் அது சூடு காய வருவதையே விட்டுவிடும். சூடு இல்லாவிட்டால் செரிக்காது, செரிக்காவிட்டால் பசி எடுக்காது. கூடத்தில் யார் மேலே இருக்கிறார் என்று பார்க்காதீர்கள், யார் எப்போதும் கீழேயே இருக்கிறார் என்று பாருங்கள்.

மசோவாலா மண்டபம் ஏறக்குறைய 11,000 சதுர மீட்டர். அங்கே ஒன்று மற்றதைப் பாராமலே நாள்கணக்கில் இருக்கலாம். உங்களுடையது 12 சதுர மீட்டர். எவ்வளவு செடி வைத்தாலும் காணாது.

கரும்பழுப்பும் செம்மஞ்சளும் இந்த இனத்தில் முட்டை சுமக்கும் பெண்ணின் நிறம். ஆணோடு ஆறு வாரம் இருந்திருக்கிறாள். முட்டை வயிற்றோடு பத்து நாள் பட்டினி என்றால், முட்டை இட இடம் இல்லாமல் அடக்கி வைத்திருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. யாராவது பார்த்தால் பெண்கள் தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள். மூன்று பச்சோந்தியும் வீட்டுக்காரரும் பார்க்கும் கூடத்தில் அவள் எப்படித் தோண்டுவாள்?

மழைக்கூடம்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. வாசித்ததும் போய்ப் பார்த்தேன். எடை 88 கிராம், வாங்கும்போது 74. பட்டினி கிடந்தும் கூடியிருக்கிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருக்கிறது. ஃபைக்கஸ் சாடியில் இரண்டு இடத்தில் விரலளவு பள்ளம் தெரிகிறது, நான் எலி என்று நினைத்திருந்தேன். விலாவைத் தொட்டால் சின்னக் கூழாங்கற்கள் மாதிரித் தட்டுப்படுகிறது. வைத்தியர் நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார். இன்றிரவு என்ன செய்வது?

வேலியோரம்

மஞ்சள் என்றால் தண்ணீர்ச்சத்து குறைவு. அவளை மட்டும் வெளியே எடுங்கள், வேறு அறைக்கு. மெல்லிய பனித்தூறல் போலத் தண்ணீர் அடியுங்கள், இலையில் துளி நின்றால்தான் குடிப்பாள், கிண்ணத்தில் வைத்தால் கண்டுகொள்ள மாட்டாள்.

பெரிய வாளி ஒன்றில் கழுவிய விளையாட்டு மணலை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது. காய்ந்த மணலில் குழி சரிந்துவிடும். வாளியை அவளுடைய கூண்டுக்குள் வைத்து, ஏறி இறங்க ஒரு கிளை போட்டு, வெளியே துணியால் மூடிவிடுங்கள். அப்புறம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். உங்களுக்கு ஆவலாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம்.

முட்டை இட்டாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் முட்டை மிச்சமா, எலும்பு எப்படி என்று இரண்டும் தெரியும்.

புதுநாற்று

இடையில் ஒரு கேள்வி. நான் மதுரைப் பக்கம். எங்கள் வேலிகளில் பச்சோந்தி வரும். பிடித்து வந்து இப்படிச் செடிகளுக்குள் வளர்க்கலாமா?

செம்பருத்தி

கூடாது. அது இந்தியப் பச்சோந்தி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இலங்கையின் வறண்ட பகுதியிலும் அதே இனம்தான் இருக்கிறது. வேலியை வெட்டாமல், பூச்சிமருந்து அடிக்காமல் விடுங்கள், அது தானாக வரும்.

மழைக்கூடம் (12 நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். எக்ஸ்ரேயில் முட்டைகள் தெரிந்தன, ஆனால் எலும்புகள் மங்கலாகத் தெரிந்தன, சுண்ணாம்புச்சத்து குறைவாம். வைத்தியர் சுண்ணாம்புச்சத்து மருந்து கொடுத்து, இரண்டு நாள் மணல் வாளியோடு விடச் சொன்னார், இடாவிட்டால் ஊசி என்றார். இரண்டாவது நாள் பின்னேரம் துணிக்குள் மணல் கீறும் சத்தம் கேட்டது. நான் மாடிக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் காலை மணல் சமமாக மூடிக் கிடந்தது, அவள் கிளையில் இருந்தாள். விலா ஒட்டிப்போய், நகத்தில் மணலோடு, இலையில் இருந்த துளியை ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தாள். 23 முட்டைகள். பின்னேரம் கொடுத்த வெட்டுக்கிளியை நாக்கை நீட்டிப் பிடித்தாள்.

புற ஊதாக் குறியீட்டை அளக்கும் மானி ஒன்று இரவல் வாங்கிக் கூடத்துக்குள் பிடித்தேன். வெயில் எரிக்கும் மதியத்தில் 0.0 காட்டியது. கதவுக்கு வெளியே வந்ததும் 6க்கு மேல் போனது. அதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

வேலியோரம்

நல்ல செய்தி தம்பி. கூடத்தை வீணாக்க வேண்டாம், அதை ஒரு அறையாக மட்டும் நினையுங்கள். உள்ளே நான்கு உயரமான வலைக்கூண்டு, ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி நடுவில் செடிச் சுவர். ஒவ்வொன்றுக்கும் தனி T5 (மெல்லிய குழாய் வகை) புற ஊதா விளக்கு, சூடு காயும் கிளையில் மானி 3 காட்டும் உயரத்தில். கோடையில் கூரைக்கு நிழல்வலையும் தானாகத் திறக்கும் காற்றுச் சாளரமும் கட்டாயம். தீனிக்கு வைத்திருக்கும் சில்வண்டுகளைக் கூடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள், இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.

மற்ற இரு பெண்களுக்கும் இப்போதே மணல் வாளி வையுங்கள், எக்ஸ்ரேயும் எடுங்கள். ஆணைப் பிரித்தாலும் விந்தைச் சேமித்து வைத்திருப்பார்கள், அதனால் நடுவிலாள் இன்னும் சில மாதத்தில் மறுபடி இடக்கூடும். கூண்டு மாற்றத்தை அனுமதி கொடுத்த கன்டோன் (மாநில) அலுவலகத்துக்கும் எழுதிவிடுங்கள்.

மழைக்கூடம்

சரி அண்ணா. இரண்டு கூண்டு போட்டாயிற்று, மற்ற இரண்டும் சனிக்கிழமை வரும். அதுவரை ஆண் சமையலறை யன்னலோரம் இருக்கிறான். சின்னவளுக்கும் வாளி வைத்துவிட்டேன், துணியும் போட்டுவிட்டேன்.