கவராயம் மட்டும் வைத்து இரு கோடுகளின் வெட்டுப்புள்ளி: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. நேர்விளிம்பும் கவராயமும் கொண்டு கண்டுபிடிக்க முடிகிற எந்தப் புள்ளியையும் கவராயத்தை மட்டும் வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று 1797இல் இத்தாலியக் கணிதவியலாளர் மாஸ்கெரோனி நிறுவினார். 1672லேயே டென்மார்க் கணிதவியலாளர் மோர் இதைச் செய்துவிட்டாராம்! இதை மாணவர்களுக்குச் செய்துகாட்ட ஆசை.

நடுப்புள்ளி வரை சரியாக வருகிறது. அ, ஆ என்று இரண்டு புள்ளிகள். ஆ-வை மையமாக வைத்து அ வழியாக ஒரு வட்டம். அதே ஆரத்தை அ-விலிருந்து மூன்று முறை வட்டத்தின் மேல் எடுத்து வைத்தால் நேர் எதிரே இ கிடைக்கும். இ-யை மையமாக வைத்து அ வழியாக ஒரு பெரிய வட்டம், அ-வை மையமாக வைத்து ஆ வழியாக இன்னொன்று. இவை வெட்டும் இரண்டு புள்ளிகளையும் மையமாக்கி அ வழியாக வட்டங்கள் வரைந்தால், அவை மறுபடி சந்திக்கும் இடம்தான் நடுப்புள்ளி. வடிவொத்த முக்கோணங்களை வைத்தே நிரூபித்துவிடலாம், அவ்வளவு அழகு.

அப்புறம்தான் சிக்கல். நான்கு புள்ளிகள் தந்து, அவை குறிக்கும் இரு கோடுகள் வெட்டும் இடத்தைக் கவராயத்தால் மட்டும் காண வேண்டும். நேர்மாறு வட்டம் (ஒரு வட்டத்துக்கு உள்ளே இருக்கும் புள்ளிகளை வெளியேயும், வெளியே இருப்பவற்றை உள்ளேயும் மாற்றுவது) வழியாகப் போகும் முறை தெரியும், ஆனால் பத்தாம் வகுப்புக்கு அது கனம். வடிவொத்த முக்கோணங்களோடு முடிகிற வழி யாருக்காவது தெரியுமா? கையால் வரைந்த படம் இருந்தாலும் போதும்.