கேட்டோவின் நூலில் ‘புத்தாரே’: நினைப்பதா, கிளை கழிப்பதா?

கேள்வி

வணக்கம். பழைய ரோம எழுத்தாளர் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலை லத்தீனிலேயே வாசித்து வருகிறேன். என் பாடப்புத்தகத்தில் புத்தோ, புத்தாரே, புத்தாவி, புத்தாத்தும் என்ற வினைக்கு ‘நினை, கருது’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் வாக்கியம் உளறலாகிவிடுகிறது.

2ஆம் அத்தியாயம்: ‘ராத்தியோனேஸ் புத்தாரே அர்கெந்தாரியாம், ஃப்ருமெந்தாரியாம்’. எனக்கு வருவது: ‘பணக் கணக்கு, தானியக் கணக்குகளை நினைக்க வேண்டும்’.

32ஆம் அத்தியாயம்: ‘அர்போரேஸ் ஹோக் மோதோ புத்தெந்துர்’. எனக்கு வருவது: ‘மரங்கள் இவ்விதமாக நினைக்கப்படட்டும்’.

‘புத்தெந்துர்’ முதல் வகை வினையின் செயப்பாட்டு விழைவு வடிவம், படர்க்கைப் பன்மை. அதைச் சரிபார்த்துவிட்டேன். பிறகு எங்கே இடிக்கிறது?

பதில் 1

வடிவத்தில் பிழை இல்லை, பொருள்தான் மாறிவிட்டது. இந்த வினையைக் கண்டால் முதலில் அதன் செயப்படுபொருளைத் தேடுங்கள்.

மரம், கொடி, கிளை வந்தால் ‘கவாத்து செய்’, ‘கிளை கழி’. 32இல் செயப்பாட்டு வினை என்பதால் மரங்களே எழுவாயாக நிற்கின்றன: ‘மரங்களை இவ்வாறு கவாத்து செய்க’. அடுத்துள்ள சொற்களையும் பாருங்கள். ராமி என்றால் கிளைகள், கைதாந்துர் என்றால் வெட்டப்படுக. நினைப்புக்கு அங்கே இடமே இல்லை.

ராத்தியோ, அதன் பன்மை ராத்தியோனேஸ் வந்தால் ‘கணக்கை நேர்செய்’. பண்ணையைப் பார்க்க வந்த உடைமையாளர் மேற்பார்வையாளனோடு உட்கார்ந்து செய்ய வேண்டியதைக் கேட்டோ அங்கே சொல்கிறார். பணம், தானியம், தீவனம், திராட்சை மது, எண்ணெய் என்று கணக்குகளை வரிசையாக எடுக்கிறார். எவ்வளவு விற்றது, எவ்வளவு வசூலானது, பாக்கி எவ்வளவு, இன்னும் விற்க என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறார். புத்தாரே என்ற வேலை இந்தக் கேள்விகளிலேயே அடங்கியிருக்கிறது: கழிப்பதைக் கழித்து, நிலுவையைச் சுத்தமாக எடுத்து வைப்பது.

பதில் 2

மேலே சொன்னது சரி. இரண்டு பொருளையும் இணைக்கும் கயிற்றை மட்டும் சேர்க்கிறேன். ரோம அறிஞர் வார்ரோ தம் லத்தீன் மொழி பற்றிய நூலின் 6ஆம் பகுதியில் இதை நேராகவே எடுத்துப் பேசுகிறார். புத்தாரே என்றால் தூய்மையாக்குவது. மரத்தைச் சுத்தம் செய்பவன் புத்தாத்தோர். கூட்டுத்தொகை தெளிவாக வரும் கணக்கைப் ‘புத்தாரே’ செய்தார்கள் என்கிறோம். குழப்பம் இல்லாமல் சொற்களை ஒழுங்காக வைத்துப் பேசுவது திஸ்புத்தாரே. ஒலி ஒற்றுமையை வைத்தே வேர் சொல்வது வார்ரோவின் வழக்கம். அதனால் வேரைப் பற்றி அவர் சொல்வதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ரோமர்கள் இந்தச் சொல்லை எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

நேர்ப்பொருள் எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது ரோம வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவைப் படித்தால் புரியும். திராட்சைக் கொடியைக் கழிக்கும் கத்தியின் இரும்பில் ஆறு பகுதிகளை அவர் பெயர் சொல்லிப் பிரிக்கிறார். கைப்பிடியை ஒட்டிய நேரான அலகு குல்தேர், உள்வளைவு சீனுஸ், வளைவிலிருந்து இறங்கும் பகுதி ஸ்கல்ப்ரும், கொக்கிபோல் வளைந்த மூக்கு ரோஸ்த்ரும், அதன் மேல் பிறைபோல் இருப்பது செகூரிஸ், முன்னே நீட்டிய முனை முக்ரோ. இழுத்து வெட்ட ஒன்று, தள்ளி வெட்ட ஒன்று, கொத்த ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. எதை விட்டுவைப்பது என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிற கைவேலை இது. அதிலிருந்து ‘கணக்குப் பார்’, பிறகு ‘மதிப்பிடு’, பிறகு ‘கருது’ என்று பொருள் நகர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் கைகொடுக்கும். ‘கழித்தல்’ கிளைக்கும் வரும், கணக்குக்கும் வரும். ‘எண்ணுதல்’ கணக்குக்கும் வரும், நினைப்புக்கும் வரும். ஒரே சொல்லால் மூன்றையும் மொழிபெயர்க்க முடியாது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் தொடர்ச்சி தெரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் ரோமப் பேச்சாளர் சிசரோவில் புத்தோ வரும் இடங்களிலும் ‘வேண்டாததைக் கழித்து முடிவுக்கு வந்தேன்’ என்ற சாயல் இருப்பதாகக் கொள்ளலாமா?

பதில் 1

வேண்டாம். புதிதாக வேர்ப்பொருள் தெரிந்துகொண்டவர்கள் அடிக்கடி விழும் குழி இது. சிசரோ காலத்தில் புத்தோ என்றால் பெரும்பாலும் வெறும் ‘நினைக்கிறேன்’. அமைப்பைப் பார்த்தே அதைக் கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் வேற்றுமைப் பெயரோடு வினைமூலம் வந்தால் (‘புத்தோ தே வெனீரே’) ‘நீ வருகிறாய் என்று நினைக்கிறேன்’. இரண்டு இரண்டாம் வேற்றுமைகள் வந்தால் ‘ஒருவரை இன்னாராகக் கருது’. மதிப்பைக் காட்டும் ஆறாம் வேற்றுமை, ‘மக்னி புத்தாரே’ என்பது போல் வந்தால் ‘பெரிதாக மதி’. ‘ப்ரோ நிஹிலோ’ சேர்ந்தால் ‘ஒன்றுமில்லை என்று தள்ளு’. செயப்பாட்டில் எழுவாய் முதல் வேற்றுமைக்கு வந்துவிடும்: ‘மார்க்குஸ் போனுஸ் எஸ்ஸே புத்தாத்துர்’, அதாவது மார்க்குஸ் நல்லவன் என்று கருதப்படுகிறான். இங்கே ‘மார்க்கும்’ என்று எழுதினால் பிழை.

இதில் எதிலும் சேராத ஒன்றும் உண்டு. கி.பி. 79இல் தம் இறுதி நோய் தொடங்கியபோது ரோமப் பேரரசர் வெஸ்பாசியான் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியுஸ் எழுதுவது: ‘வாய், புத்தோ தெயுஸ் ஃபியோ’. ‘ஐயோ, தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது’. ஃபியோ தன்மை ஒருமை முற்றுவினை. ஆகவே புத்தோ இங்கே வாக்கியத்தை ஆளவில்லை, நடுவில் செருகியிருக்கிறது. தமிழில் ‘போலிருக்கிறது’ என்று போட்டால் அப்படியே பொருந்தும்.

ஏவல் வடிவமான புத்தா தனியாக வந்தால் ‘உதாரணமாக’. சட்ட நூல்களில் ‘உத் புத்தா’ ஏராளம். அங்கேயும் யாரையும் நினைக்கச் சொல்லவில்லை.

பதில் 3

உச்சரிப்பைப் பற்றி ஒன்று. தமிழில் ஒற்றைத் ‘த’ எழுதினால் மெலிந்து ஒலிக்கும் என்பதால் எல்லோரும் ‘புத்தோ’ என்று எழுதுகிறோம். லத்தீனில் அங்கே ஒரே த்தான், ‘பு’ குறில். ரோமக் கவிஞர் வர்ஜிலின் வேளாண் கவிதை 2ஆம் பகுதியில், கொடியைக் கத்தரித்து வடிவமைப்பதைச் சொல்லும் வரி ‘ஃபிங்கித்குவே புத்தாந்தோ’ என்று முடிகிறது. நாம் எழுதுகிறபடி த்-ஐ இரட்டித்துப் படித்தால் ‘பு’ நெடிலசை ஆகி, ஐந்தாம் சீர் உடைந்துவிடும். அதே காரணத்தால் ‘நாறு’ என்று பொருள்படும் பூத்தேரே என்ற நெடில் வினையோடும் இதைக் குழப்பக் கூடாது.

கூட்டுச்சொற்களில் பழைய பொருள் இன்னும் தெரிகிறது. அம்புத்தாரே: சுற்றி வெட்டி நீக்கு. கொம்புத்தாரே: கூட்டிக் கணக்கிடு. இம்புத்தாரே: ஒருவர் கணக்கில் எழுது, அதிலிருந்து பழியையோ பெருமையையோ ஒருவர்மேல் ஏற்று. ரெபுத்தாரே: திரும்ப எண்ணிப் பார். லத்தீன் விவிலியத்தில் ரோமர் 4:3இல் வருவது இந்த ரெபுத்தாரேதான். தமிழ் விவிலியம் அங்கே ‘நீதியாக எண்ணப்பட்டது’ என்கிறது. கணக்கில் வைப்பதும் கருதுவதும் அந்த ஒரு ‘எண்’ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

பின்வந்த மொழிகளில் நிலைமை தலைகீழ். இத்தாலியில் பொத்தாரே, ஸ்பானியத்தில் பொதார் என்று வாழ்வது கவாத்துதான். நினைப்புக்கு ‘நிறுத்துப் பார்’ என்ற வேறு வினையிலிருந்து பென்ஸாரே, பென்ஸார் வந்துவிட்டன.

கேட்டவர்

திருத்திய மொழிபெயர்ப்பு, 32ஆம் அத்தியாயம்: ‘மரங்களை இவ்வாறு கவாத்து செய்க: விட்டுவைக்கும் கிளைகளைப் பயன்படுத்த விரிந்திருக்கட்டும், முறையாக வெட்டுக, மிக நெருக்கமாக விட்டுவைக்க வேண்டாம்.’ ‘பயன்படுத்த’ மட்டும் ஒட்டவில்லை.

பதில் 1

அங்கே உள்ள ‘உத்தி’யை ‘ஊத்தி’ என்று படித்துவிட்டீர்கள். ‘பயன்படுத்து’ என்ற வினைமூலத்தில் முதலெழுத்து நெடில். கேட்டோ எழுதியது குறில், ‘உத்’ என்ற இணைப்புச் சொல்லின் பழைய வடிவம்: ‘...இருக்கும்படி’. பிறகு வரும் ‘நே’ அதன் எதிர்மறை. ஆகவே: ‘விட்டுவைக்கும் கிளைகள் விரிந்து நிற்கும்படியும், முறையாக வெட்டுப்படும்படியும், மிக நெருக்கமாக விடப்படாதபடியும் மரங்களைக் கவாத்து செய்க.’